மிளகின் வாளி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. ஆனால் உடனே வராது. அதற்கு முன்னால் ஒரு நாய்க்கு மருந்து போட வேண்டும்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் அரியமுத்து பெட்டியும் கையுமாக வந்து நின்றார். ஆசிரமத்தை விட்டே போகிறாராம்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?" என்றார் சங்கரவடிவு அம்மா. சீடரைவிடக் குரு வயதில் இளையவர்.

"சமையல்கார ஆவுடையப்பன் ஒரு சொல் சொல்லிட்டான். மனசு ஆறமாட்டேங்குது. எப்படி ஆறும்மா?"

"என்ன சொன்னான்?"

அரியமுத்து தொண்டையைச் செருமி, ஆவுடையப்பனாகவே மாறினார். மூக்கால் இழுத்து, கரண்டி பிடிக்கிற கையை ஆட்டி: "அண்ணாச்சி பஜனைல வாயத் தொறந்தா நம்ம மிளகும்லா கூடச் சேந்து ஊளையிடுது!"

அம்மா சிரிக்கவில்லை. "மிளகுக்குத் தொடையில புண். ஆறினதும் போங்க."

மிளகு ஆசிரமத்து நாய். அரியமுத்து பெட்டியைக் கீழே வைத்தார். புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்தார். ஆறவைத்த வெந்நீரால் துடைத்து ஈரம் ஒற்றி, மஞ்சள் குழைத்த தேங்காயெண்ணெயைப் பூசினார்.

விடிந்து பார்த்தால் எண்ணெயைக் காணோம். புண் இன்னும் சிவந்திருந்தது.

"மருந்து சரியில்லம்மா. வேப்பெண்ணெய் போடவா?"

"வேண்டாம், அதுவும் வயித்துக்குள்ளதான் போகும். சரி, ஆவுடையப்பன் என்ன சொன்னான்?"

மறுபடி சொன்னார். இந்தத் தடவை கரண்டி ஆட்டம் இன்னும் பொருத்தமாக விழுந்தது. பால்காரரிடமும் பூக்காரியிடமும் சொல்லிச் சொல்லி நல்ல பழக்கம்.

"எண்ணெய எங்க காணோம்?" என்றார் அம்மா.

"நக்கிட்டு. நாய்தான, நக்காம இருக்குமா?"

"நக்கினா?"

"எங்க ஆறும்!"

அம்மா ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியை அறுத்து, விளிம்பில் துணி சுற்றி, மிளகின் கழுத்தில் மாட்டினார். மிளகு தூணில் முட்டியது, கதவில் முட்டியது, எல்லாவற்றுக்கும் அரியமுத்துதான் காரணம் என்பதுபோல் அவரை முறைத்தது. அவர் சோறு ஊட்டினார். தினமும் புண்ணைத் துடைத்தார். வேறொன்றும் பூசவில்லை.

புண் காய்ந்தது. பொருக்கு உதிர்ந்து மெல்லிய புதுமயிர் துளிர்த்தது.

அரியமுத்து வாளியைக் கழற்றிக்கொண்டு அம்மாவிடம் ஓடினார். மிளகும் பின்னாலேயே ஓடியது. "பாத்தீங்களா! வாய எட்ட விடாம வச்சோம், அவ்வளவுதான். தன்னால ஆறிட்டு!"

"அப்படியா?"

"பின்ன! நான் கண்ணால பாத்தேன்லா." பெட்டியைத் தூக்கினார். "வாரேம்மா. ஆனா ஒண்ணு, அன்னைக்கு அந்த ஆவுடையப்பன் எல்லார் முன்னாலயும்..." மூக்கு தானாகச் சுருங்கியது. கரண்டிக் கை மேலே எழுந்தது.

அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு வாளியை எடுத்தார். அதற்கும் அடி அறுத்திருந்தது. விளிம்பில் புதுத்துணி.

"இது மிளகுக்குப் பெருசாச்சே?" என்றார் அரியமுத்து.

"ஆமா. கழுத்த நீட்டுங்க அண்ணாச்சி."

எழுந்த கை அப்படியே நின்றது. ஆவுடையப்பனுக்காகத் திறந்த வாயும் மூடவில்லை. வாளியைப் பார்த்தார். மிளகைப் பார்த்தார். பிறகு அந்த வாயிலிருந்து வெடித்தது அவருடைய சொந்தச் சிரிப்பு.

மிளகும் கூடச் சேர்ந்து ஊளையிட்டது.