பேசா அம்மா பேசிய நாள்

மேலப்புதூர்க் குன்றின் அடியில் ஒரு கல்மண்டபம் உண்டு. அதில் பேசா அம்மா இருந்தாள். வயது நாற்பதுகூட இருக்காது. இங்கே வருவதற்கு முன் பக்கத்து டவுன் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் பஸ் விவரம் சொல்லிக்கொண்டிருந்தவள். காலையிலிருந்து இரவு வரை ஊர்ப் பெயராகச் சொல்லி அலுத்துப்போய்த்தான் வாயை மூடிக்கொண்டாள் என்று கேலி பேசுபவர்களும் இருந்தார்கள். அவர்களும் மண்டபத்தைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

அவள் பேசிப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. யார் வந்து எதைச் சொன்னாலும் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். சொல்லி முடித்ததும் ஒரு சிட்டிகை விபூதி கொடுப்பாள். வேறு சாமியார்களிடம் போனால் நம் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தங்கள் கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவிடம் அந்தத் தொல்லை கிடையாது.

குலசேகரன் அவளைக் குருவாக ஏற்றுக்கொண்டதும் அதனால்தான். அவர் அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஊருக்கு மேற்கே, மேட்டில் இருக்கும் கெமிக்கல் கம்பெனியில் இன்ஜினியர். டவுனிலிருந்து காரில் வருவார், காரில் போவார். ஊர்க்காரர்கள் யாருக்கும் அவரைத் தெரியாது.

கம்பெனியின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலை அவர் பொறுப்பில் இருந்தது. அதற்கு ஆகும் செலவைப் பார்த்து முதலாளிக்கு வயிறு எரிந்தது. வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். கம்பெனிக்குள் வற்றிப்போன போர்வெல் ஒன்று சும்மா கிடந்தது. குலசேகரன் அதற்கு ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார். கழிவெல்லாம் பூமிக்குள் போயிற்று. வெளியே ஒரு சொட்டும் தெரியவில்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் அவர் மண்டபத்துக்கு வரத் தொடங்கினார். வேலையில் ஒரு தப்பு நடக்கிறது, அதில் என் கையும் இருக்கிறது என்பார். என்ன தப்பு என்று சொல்லமாட்டார். விபூதியைப் பூசிக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவார். மனப்பாரத்தை இறக்கிவைக்க இப்படி ஓர் இடம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வந்தபோது முகம் வெளிறியிருந்தது. மனசு கேட்காமல் முந்தின நாள் ஊர் அடிபம்பில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப்போய்த் தானே சோதனை செய்து பார்த்திருந்தார். தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருந்தது. குடித்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அதில் விஷம் கலந்திருந்தது.

இந்த முறை குழாய், போர்வெல், முதலாளி என்று ஒன்று விடாமல் அம்மாவிடம் கொட்டினார். கடைசியில் கேட்டார்.

"வெளிய சொன்னா முதல்ல ஜெயிலுக்குப் போறது நான்தாம்மா. குழாய் போட்ட கை இது. சொல்லலைன்னா ஊரே அந்தத் தண்ணியைக் குடிக்கும். சொல்லட்டுமா, சும்மா இருக்கட்டுமா?"

பதில் வராது என்பது அவருக்குத் தெரியும். பதில் வராத இடம் என்று தெரிந்துதான் கேட்டார். தானே முடித்தும் வைத்தார்.

"உங்களை மாதிரி மௌனமா இருந்துடலாம்னுதான் தோணுது."

சொல்லிவிட்டு விபூதிக்காக உள்ளங்கையை நீட்டினார்.

அம்மா விபூதியை எடுக்கவில்லை. எழுந்தாள். மண்டபத்துப் படியில் இறங்கி ஊரைப் பார்த்து நடந்தாள்.

அவள் ஊருக்குள் வந்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். என்ன செய்யப்போகிறாள் என்று புரியாமல் குலசேகரன் பின்னாலேயே போனார்.

அடிபம்பில் பெண்கள் குடங்களோடு நின்றிருந்தார்கள். ஒருத்தி அடித்துக்கொண்டிருந்தாள். அம்மா போய்ப் பம்பின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது.

மறுபடியும் முயன்றாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கோத்தது, குரல் வரவில்லை. அப்போதுதான் குலசேகரனுக்கு உறைத்தது. அவள் அத்தனை வருடமாகக் காத்து வந்ததை இங்கே போட்டு உடைக்கப்போகிறாள். அவருக்குத் தடுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் உடம்பு அசையவில்லை.

மூன்றாவது முறை குரல் வந்தது.

"இந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க."

பஸ் ஸ்டாண்டில் கேட்ட அதே குரல். கணீரென்று, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

குடங்கள் கீழே விழுந்தன. பெண்கள் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார்கள். அம்மா பேசிவிட்டாள் என்ற செய்தி தெருத்தெருவாக ஓடியது. கொஞ்ச நேரத்தில் பம்பைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், சிலர் காரணமே தெரியாமல் அழுதார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற குலசேகரனும் கைகூப்பினார். அதோடு ஒரு சின்ன நிம்மதியும் எட்டிப் பார்த்தது. விஷயம் வெளியே வந்துவிட்டது, அவர் பெயர் வரவில்லை. இனி ஊர் அந்தத் தண்ணீரைத் தொடாது. அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. யாரோ வேப்பிலை கொண்டுவந்து பம்பில் கட்டினார்கள். யாரோ மஞ்சள் பூசி, பொட்டு வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். அம்மா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள். கோயில் பூசாரி பொன்னம்பலம் முன்னால் வந்து விளக்கினார். அம்மா கை பட்டுவிட்டதாம். இனி இது தாகத்துக்குக் குடம்குடமாகக் குடிக்கிற தண்ணீர் இல்லையாம், தீர்த்தமாம். ஆளுக்கு ஒரு கை வாங்கினால் போதுமாம், நோய் நொடி அண்டாதாம்.

இதைவிடப் பொருத்தமான விளக்கம் யாருக்கும் தோன்றவில்லை. உடனே வரிசை நின்றது. அடிபம்பை மாற்றி மாற்றி அடித்தார்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதற்காகப் பாட்டிலோடு வந்தவர்களும் இருந்தார்கள். நேற்றுவரை அந்தப் பம்பின் பக்கம் வராதவர்கள்கூட இன்று கையேந்தி நின்றார்கள்.

அம்மா பம்பின் அருகிலேயே நின்றாள். யாரையும் தடுக்கவில்லை. அவள் கண் குலசேகரனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வரிசையில் ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டிருந்தாள். அவள் முறை வந்தது. ஒரு கையில் தண்ணீரை ஏந்திக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

குலசேகரன் எப்படிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார் என்பது அவருக்கே தெரியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வேண்டாம்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க யாருங்க? அம்மா குடுத்த தீர்த்தத்தை ஏன் தடுக்கிறீங்க?"

சுற்றி நின்றவர்களும் அதையே கேட்டார்கள். பூசாரி அவர் தோளைப் பிடித்து இழுத்தார். குலசேகரன் கையை விடாமல் அம்மா பக்கம் திரும்பினார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மா, இத்தனை வருஷ விரதத்தை விட்டுச் சொன்னீங்களே. பாருங்க, என்ன ஆயிடுச்சுன்னு. இன்னொரு தரம் சொல்லுங்க. விஷம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"கேட்டாங்களே," என்றாள் அம்மா.

பிறகு அவருக்கு மட்டும் கேட்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"நான் சொன்னா அருள்வாக்குங்க. நீங்க சொன்னாத்தான் சேதி."

குலசேகரன் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இன்னும் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"மேட்டுக் கம்பெனி இன்ஜினியர்மா நான்," என்றார். "கம்பெனிக் கழிவை இந்தத் தண்ணியில விட்டது நான்தான்."

அவள் கையிலிருந்ததைக் கீழே கொட்டினாள். அந்தக் கையைப் புடவையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.