சிலந்தி தன் வலையைத் தின்னத் தொடங்கிய கதை

அந்தக் காலத்தில், பூச்சிகளும் பறவைகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தபோது, சிலந்திகள் பழைய வலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்று கட்டியதை நாளை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் வேறொன்று கட்டும். ஆற்றங்கரை நொச்சிப் புதரெல்லாம் கந்தல் வலைகள் தொங்கின.

அந்தப் புதரில் சடைச்சி என்றொரு சிலந்தி இருந்தாள். அவள் கைவிட்ட வலைகளை ஒரு தையல்சிட்டு கேட்டு வாங்கிப் போவாள். இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்ட அவளுக்கு அந்த நூல் வேண்டும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. காற்றும் புழுதியும் பழைய வலைகளை வாரிக்கொண்டு போயின. சடைச்சி நாள் தவறாமல் வலை கட்டினாள். ஓர் ஈகூட விழவில்லை. அவளுக்குச் சூல் முற்றியிருந்தது. முட்டைகளைப் பொதிந்து வைக்கப் பை நூற்க வேண்டும். வயிற்றிலோ நூலாகும் கூழ் வற்றிவிட்டது. எட்டுக் கால்களும் கனத்தன. ஒருநாள் விடியற்காலையில், நகரவும் தெம்பில்லாமல், கட்டியிருந்த ஒரே வலையின் நடுவில் கிடந்தபடி ஓர் இழையைக் கடித்தாள்.

வாய்நீர் பட்டதும் நூல் இளகிக் கூழாயிற்று. ஈயின் சதையைத் தின்றதுபோலவே இருந்தது.

'எல்லாம் ஒரே சத்துதான்' என்று நினைத்தாள். 'ஈயின் உடம்பில் ஒருவிதமாக மடங்கிச் சதையாக இருந்தது. என்னிடம் வேறுவிதமாக மடங்கி நூலாயிற்று.'

அடுத்த இழையையும் கடித்தாள்.

அப்போது தையல்சிட்டு வந்தாள். "அக்கா, என்ன செய்கிறாய்?"

"சாப்பிடுகிறேன்."

"கூட்டில் தையல் விட்டு இலை பிளந்து தொங்குகிறது. உள்ளே நாலு முட்டை. இந்த வலையை நம்பித்தான் வந்தேன்."

"என் வயிற்றில் இருநூறு இருக்கிறது, தங்கச்சி."

சிட்டு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்தாள். பிறகு, "நீயே தின்றுவிட்டால் நான் யாரிடம் போவேன்?" என்றாள்.

சடைச்சி சுற்றுச் சுற்றாகத் தின்றாள். கடைசியில் கிளைகளில் கட்டிய ஓரக் கயிறுகள்தான் மிஞ்சின. வலையிலேயே கெட்டியானவை அவை. தின்றால் இன்னும் இரண்டு நாள் தாங்கும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவற்றை எடுத்துக்கொள். இதற்கு மேல் என்னால் முடியாது."

சிட்டு அவற்றை அவிழ்த்துக்கொண்டு பறந்தாள்.

மறுநாள் சடைச்சியின் வயிற்றில் கூழ் ஊறியிருந்தது. பின்னங்காலால் இழுக்க இழுக்க அது இறுகி நூலாக வந்தது. முட்டைகளை இட்டு, பையைச் சுற்றி முடித்தாள். பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. வேலை முடிந்தது என்றிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் பசித்தது. மீதமிருந்த நூலில் ஒரு வலை கட்டினாள். அடுத்த விடியலில் அதைத் தின்றாள், மறுபடி கட்டினாள். குஞ்சுகள் பொரிந்து வந்தபோதும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

அன்று முதல்தான் சிலந்தி தன் வலையைத் தானே தின்று, அந்தச் சத்திலேயே புது வலை கட்டுகிறது. ஓரக் கயிறுகளை மட்டும் தையல்சிட்டுக்கு விட்டுவைக்கிறது.