மண்ணை வறுத்த மூன்று ராஜாக்கள்

செம்மேட்டு நாட்டில் மழை உண்டு, மாடு உண்டு, ராஜாவும் உண்டு. மண்ணில் மட்டும் சத்து கிடையாது. கேழ்வரகு விதைத்தால் முழங்கால் உயரம் வருவதற்குள் தலையைத் தொங்கப் போட்டுவிடும். பக்கத்துக் கருங்குளத்திலும், அதற்கு அந்தாண்டை கடல்துறையிலும் இதே கதைதான்.

மூன்று ராஜாக்களும் கூடிப் பேசினார்கள். இலையும் சாணமும் மக்கி மண்ணுக்குள் கரியாக நிற்கிறதே, அதுதான் மண்ணுக்கு உயிர். அது யார் மண்ணில் எவ்வளவு இருக்கிறது, எப்படிப் பெருக்குவது என்று மூன்று நாடும் சேர்ந்து ஆராய்வதாக ஒப்பந்தம். ஆராய்கிற விதம் சுலபம். காய்ந்த மண்ணை நிறுத்துச் சட்டியில் போட்டு, சட்டி சிவக்கிறவரை வறுக்கவேண்டும். கரி எரிந்துபோகும். ஆறியபின் திரும்ப நிறுத்தால், குறைந்த எடைதான் கரி.

ஒப்பந்த ஓலையை அமைச்சர் அரங்கேசர் செம்மேட்டுச் சபையில் வாசித்தார். “அதிகக் கரி உள்ள நாடே முதல் நாடு” என்று வந்ததும் திருமேனிராய மகாராஜா கைதட்டிவிட்டார். ராஜா தட்டினால் சபையும் தட்டத்தானே வேண்டும். அந்தச் சத்தத்தில் மிச்ச ஓலையைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

கடைசி ஆசனத்துக் குப்பமுத்து மட்டும் அதை விரித்துப் படித்தார். முன்னால் வந்த நாடு, தனக்குப் பின்னால் வந்த நாட்டுக்கு வருஷம் ஆயிரம் வண்டி எரு அனுப்பவேண்டும், மூன்று வருஷத்துக்கு. செம்மேட்டில் இருக்கிற எரு பாதிக் காட்டுக்கே காணாது. அவர் பெண்சாதி மாராயி காட்டுக்குப் போன வருஷம் ஒரு கூடைகூட வரவில்லை. இன்னும் ஆயிரம் வண்டி போனால் அடுத்த வருஷம் நாடே கூழுக்கு அலையும்.

ஓடிப்போய் ராஜாவிடம் சொன்னார். ஜெயிக்கப் பயப்படுகிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன் என்று அரங்கேசர் சிரித்தார். நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசாதே என்று ராஜாவும் விரட்டிவிட்டார்.

அன்றைக்கே அரங்கேசர் ஆறு மூட்டை வெல்லத்தைப் பொடித்து மண்ணில் கலக்கச் சொன்னார். எரிகிற பொருள் எதுவாய் இருந்தாலும் எடை குறையும் அல்லவா. கலந்தவர்கள் தின்றதுபோக மிச்சம் மண்ணில் சேர்ந்தது.

சோதனை செம்மேட்டில் நடந்தது. முதலில் கருங்குளத்து மண் சட்டியேறியது. தேங்காய் வறுக்கிற வாசனை வந்தது. கருங்குளத்து ராஜா ஆகாயத்தைப் பார்த்தார். அடுத்தது கடல்துறை மண். அதில் நெய் உருகி ஓடியது. எங்கள் கடல்காற்றே அப்படித்தான் என்றார் கடல்துறை ராஜா. செம்மேட்டு மண் பாகு பதத்துக்கு வந்து கொப்பளித்தபோது, கூட்டத்தில் பாதிப்பேர் வாழையிலையோடு வந்து வரிசையில் நின்றுவிட்டார்கள்.

யாரும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் தன் சட்டியும் பேசும்.

பத்துப் பலம் மண்ணில் கருங்குளத்துக்கு மூன்று பலம் மிஞ்சியது. கடல்துறைக்கு நான்கு. செம்மேட்டுக்கு அரைப் பலம்தான்; அதிகம் எரிந்தது அதுதான், ஆகவே செம்மேடே முதல். முரசு கொட்டினார்கள். திருமேனிராயர் மாலையோடு எழுந்து நிற்க, கருங்குளத்து ராஜா ஓலையின் மிச்சத்தை வாசித்துவிட்டு, ஆயிரம் வண்டி என்றைக்குக் கிளம்பும் என்று பதமாகக் கேட்டார்.

ராஜாவின் முகம் வற்றிப்போனது. குப்பமுத்துவைப் பக்கத்தில் இழுத்தார்.

“என் கௌரவமும் போகக்கூடாது, எருவும் போகக்கூடாது. போனால் அந்த ஆயிரம் வண்டியையும் நீரேதான் இழுத்துக்கொண்டு போகவேண்டும், ஓய்.”

மாடே இழுக்கத் திணறுகிற வண்டி. குப்பமுத்து இரண்டு ராஜாக்களையும் கும்பிட்டார்.

“விருந்தாளி நிற்கும்போது வீட்டுக்காரன் முதல் பந்தியில் உட்காருவது எந்த ஊர் வழக்கம், பெரியவர்களே? எங்கள் மகாராஜா ஜெயித்தவர்தான். ஆனாலும் கடைசியில்தான் உட்காருவேன் என்கிறார். முதல் இடம் விருந்தாளிக்கு.”

சபை ஆகா என்றது. திருமேனிராயர் தானே நினைத்ததுபோல் தலையை ஆட்டினார்.

முதல் இடம் தன் பக்கம் வருவதைக் கருங்குளத்து ராஜா கண்டுகொண்டார். கடல்துறையார் எங்கள் பெண்ணைக் கட்டியவர், மாப்பிள்ளை வீட்டை முந்தி நான் உட்காரலாமா என்றார். கடல்துறை ராஜாவோ, தனக்கு இன்றைக்கு விரதம், எந்தப் பந்தியிலும் முந்த முடியாது என்றார். நீங்கள் முதலில், இல்லை நீங்கள் என்று மூன்று பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்ததில் ஒரு கிரீடம் உருண்டே போய்விட்டது. உச்சிவேளை ஆகியும் முதல் நாடு என்று ஒரு நாடு இல்லை.

குப்பமுத்து மூன்று பாய்களை வட்டமாகப் போடச் சொன்னார். ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கிறமாதிரி மூவரையும் உட்கார வைத்தார்.

“இப்போது யார் முதல், யார் கடைசி?” என்று கேட்டார்.

மூவரும் கழுத்தைத் திருப்பித் திருப்பி முன்னும் பின்னும் பார்த்தார்கள்.

“ஆனால் எல்லாருக்கும் முன்னால் ஒருவர் இருக்கிறார், பின்னால் ஒருவர் இருக்கிறார். ஓலையில் உள்ளபடி, முன்னால் இருப்பவர் பின்னால் இருப்பவருக்கு ஆயிரம் வண்டி அனுப்பட்டும்.”

ராஜாக்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்கள். ஆயிரம் போகிறது, ஆயிரம் வருகிறது. செம்மேட்டு ஆட்டுப்புழுக்கை கருங்குளத்துக்கு, கருங்குளத்து வண்டல் கடல்துறைக்கு, கடல்துறை மீன்கழிவு செம்மேட்டுக்கு. ஒவ்வொரு மண்ணுக்கும் அது இதுவரை தின்னாத தீனி. வண்டியோடு போகிறவன் அதைப் போடுகிற பக்குவத்தையும் சொல்லிவிட்டு வரட்டும் என்று குப்பமுத்து சேர்த்துக்கொண்டார். மூவரும் உட்கார்ந்தபடியே முத்திரை வைத்தார்கள்.

திருமேனிராயர் தன் கழுத்து மாலையை எடுத்துக் குப்பமுத்துவுக்குப் போட்டார். வருகிற முதல் வண்டி மாராயி காட்டுக்குத்தான் என்றும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “அடுத்த வருஷம் நிறுக்கும்போது வேற்றுப் பொருள் கலக்காமல் பார்க்க ஏதாவது வழி உண்டா?” என்று கேட்டார்.

“உண்டு மகாராஜா. சட்டியில் போடுமுன் மூன்று ராஜாக்களும் ஆளுக்கொரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்க்கட்டும். யார் மண் ருசியாக இருக்கிறதோ, அந்த நாடு தோற்றது.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சபையே சிரித்தது. அரங்கேசரால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவர் வாய் நிறைய வெல்ல மண் இருந்தது.