லைன்ல நின்ன நாப்பது கல்லு

ஒரே ஒரு ஊர்ல, இரு, மொதல்ல கால மடக்கி உக்காரு, அடுத்தவ மடியில நீட்டாத, ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு நல்லதண்ணிக் கிணறு இருந்துச்சாம். ஊருக்குப் பேரு கரிச்சாம்பட்டி. மத்த கிணறு எல்லாம் உப்பு. வாயில வச்சா மொகம் கோணிக்கிரும். இந்த ஒரு கிணத்துத் தண்ணி மட்டும் கல்கண்டு. ஆனா கோடையில ஒரு பகலுக்கு நாப்பது குடம்தான் ஊறும். நாப்பத்தோராவது குடத்துக்குச் சேறுதான் வரும்.

ஊர்ல முப்பத்தஞ்சு வீடு. வீட்டுக்கு ஒரு குடம்னு எடுத்தா எல்லாருக்கும் பத்தும், மிச்சமும் இருக்கும். ஆனா நம்ம சனம் அப்பிடி எடுக்குமா? விடியங்காட்டியும் ஓடுவாக, முட்டுவாக, மோதுவாக, முடியப் பிடிச்சு இழுப்பாக. எடுத்த தண்ணியில பாதி தரையில கொட்டிரும். குடம் நசுங்குனதுதான் மிச்சம்.

அப்ப நிலத்தை அளக்குறதுக்குன்னு ஒரு வெள்ளைக்காரத் தொரை குதிரையில வந்தாரு. பொம்பளைக சண்டையப் பாத்துட்டு எறங்கி வந்து, கையில இருந்த பெரம்பால தரையில நீளமா ஒரு கோடு கிழிச்சு, "லைன்! லைன்! லைன்!"னு மூணு தடவை கத்துனாரு. அவருக்குத் தமிழ் தெரியாது, இவுகளுக்கு இங்கிலீசு தெரியாது. இருந்தாலும் கோட்டைப் பாத்ததும் ஒருத்தி போயி நின்னா, அவ பின்னால இன்னொருத்தி நின்னா, அவ பின்னால இன்னொருத்தி. அன்னைக்கு முப்பத்தஞ்சு வீட்டுக்கும் தண்ணி வந்துச்சு. தொரை குதிரையேறிப் போயிட்டாரு. போறப்ப அந்தச் சொல்லை மட்டும் விட்டுட்டுப் போயிட்டாரு.

விருந்தாளியா வந்த சொல்லு, கொஞ்ச நாள்ல வீட்டு மாப்பிள்ளை ஆயிருச்சு. அக்கா இருக்கையில தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்தா, "லைன் தப்பிப் போகாதீக"ம்பாக. நாவிதரு மர நெழல்ல உக்காந்தா, அங்கயும் ஒரு லைன். தொண்ணூறு வயசுக் கெழவன் ஒருத்தன், "எமனை லைன்ல வரச் சொல்லு, எனக்கு முன்னால ரெண்டு பேரு நிக்கிறாக"ன்னு சொல்லிட்டு வெத்தலை இடிப்பான். ஏண்டி சிரிக்கிற? நெசமாத்தான்! தொரை ஊர்ல லைனுன்னா என்ன அர்த்தமோ யாரு கண்டா. கரிச்சாம்பட்டியில அந்தச் சொல்லுக்கு, "பொறு, ஒனக்கும் உண்டு"ன்னு அர்த்தம்.

அப்பறம் வெயில்ல நிக்க முடியலன்னு குடத்தை வச்சுட்டு நெழலுக்குப் போனாக. குடம் களவு போகுமேன்னு குடத்துக்குப் பதிலா ஒரு கல்லை வச்சாக. ஒரு ஆளுக்கு ஒரு கல்லு. லைன்ல வச்ச கல்லை யாரும் நகட்டக் கூடாது. நகட்டுனா ஆளைப் பிடிச்சுத் தள்ளுன பாவம்.

அந்த ஊர்ல அன்னக்காமுன்னு ஒரு மருமக இருந்தா. ஊரே அவளை மக்குன்னு சொல்லும். யாரு என்ன சொன்னாலும் அப்பிடியே நம்பிருவா. "மழை வாரன்னு சொல்லுச்சு"ன்னு எவனாச்சும் சொன்னா, "எப்பச் சொல்லுச்சு?"ன்னு கேப்பா. புருசங்காரன் கண்டிச் சீமைக்கு வேலைக்குப் போயிட்டான். வீட்டுல அவளும் மாமியா சீனியம்மாளும்தான். சீனியம்மாளுக்கு வாயி ரொம்ப நீளம். "கூறுகெட்டவளே, உப்பு எங்க? கூறுகெட்டவளே, ஒல எங்க? கூறுகெட்டவளே, ஒன் புத்தி எங்க?"ன்னு நாளெல்லாம் வஞ்சுக்கிட்டே இருக்கும். ஆனா வஞ்சுக்கிட்டே அவளுக்கு முடி கோதி எண்ணெ தேச்சு விடும். பெத்த தாயில்லாத பிள்ளை அன்னக்காமு. அவளுக்கு அத்தைதான் எல்லாம்.

அந்தக் கோடையில சீனியம்மாளுக்குக் காச்சல் வந்து படுத்துருச்சு. நெஞ்சு அனலாக் கொதிக்குது. உப்புத்தண்ணியில வச்ச கஞ்சியக் குடுத்தா குடலோட வாந்தி எடுக்குது. வைத்தியரு வந்து நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, "நல்லதண்ணிய வேணுமட்டும் குடிக்கக் குடு, பொழைச்சுக்கிரும். தண்ணி உள்ள போகலைன்னா ஆளு தங்காது"ன்னு சொல்லிட்டாரு. எளநியா? யாரது கேட்டது? அந்தப் பொட்டக் காட்டுல தென்ன ஏது, ஒடைமரந்தான் நிக்கிது.

அந்தச் சமயம் பாத்துத்தான் பெரிய வீட்டு மங்களநாதன் மகளுக்குக் கல்யாணம் வச்சாரு. ஊருல பாதி நெலம் அவரோடது. மாப்பிள்ளை வீட்டுக்காரக பெரிய எடம். அவுக குளிக்க நல்லதண்ணி, அவுக வண்டி மாடு குளிக்க நல்லதண்ணி, பந்தல்ல புழுதி அடங்கத் தெளிக்கவும் நல்லதண்ணி. என்ன செஞ்சாரு தெரியுமா? காரியக்காரன் கூரிச்சாமியக் கூப்பிட்டு, "லைன்ல கல்லு வையிடா"ன்னாரு.

மொத நாள் கோழி கூப்பிட பத்துக் கல்லு வச்சான். பெரிய வீட்டு ஆளுகன்னு சொன்னதும் ஊர்ல யாரும் எதுத்துக் கேக்கல. அன்னக்காமு, "நீங்க போங்க மதினி, நீங்க போங்கக்கா"ன்னு எல்லாரையும் முன்னால விட்டுட்டுக் கடைசியில நின்னா. அவளுக்குச் சேறுதான் கெடச்சுச்சு. பக்கத்து வீட்டுக்காரி அரைச் செம்பு குடுத்தா. ரெண்டாம் நாள் இருவது கல்லு வச்சான். அன்னைக்கும் சேறு. பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிளாசு குடுத்தா. மூணாம் நாள், கல்யாணத்தன்னைக்கு, நாப்பது கல்லு வச்சான். நாப்பது குடத்தையும் எறைச்சு பெரிய வீட்டுக்குக் கொண்டு போயிட்டாக. பக்கத்து வீட்டுக்காரி வெறும் கிளாசைக் காட்டி அழுதா.

அன்னைக்குக் காலையில அவுக தண்ணி எறைக்கிறப்பவே அன்னக்காமு போயி மொதக் கல்லுக்கு முன்னால குத்த வச்சு உக்காந்து, "அண்ணே, எங்க அத்தைக்குக் காச்சல், கொஞ்சம் வெலகுங்க"ன்னு கேட்டா. கல்லு பேசல. அடுத்த கல்லுகிட்ட, "அண்ணே, எங்க அத்தைக்கு நாக்கு ஒட்டிக்கிருச்சு, கொஞ்சம் வெலகுங்க"ன்னா. அதுவும் பேசல. மூணாவது கல்லுகிட்ட, "அண்ணே, எங்க அத்தை செத்துப் போகும்ணே"ன்னு சொல்லி ஓன்னு அழுதுட்டா.

கூரிச்சாமி விழுந்து விழுந்து சிரிச்சான். "மக்கு, அதுக்குக் காது இருக்கா?"

"கல்லுன்னா நகட்டலாமாண்ணே?"

"தொட்டுப் பாரு! அது கல்லு இல்ல, பெரிய வீட்டு ஆளு."

"நாப்பதுமா?"

"நாப்பதுந்தான்."

அன்னக்காமு நேரா பெரிய வீட்டுக்குப் போனா. மங்களநாதன் பட்டு வேட்டி கட்டி, பந்தல் வாசல்ல சம்பந்திகளை வரவேத்துக்கிட்டு நிக்கிறாரு. "ஐயா, லைன்ல நிக்கிற நாப்பது கல்லும் ஒங்க ஆளுகளா?"ன்னு எல்லாரும் கேக்கக் கேட்டா.

"ஆமா, என் ஆளுக. எனக்குக் குடுக்குற மரியாதைய அதுகளுக்கும் குடுக்கணும்."

"நாளைக்கும் நிப்பாகளா?"

"சம்பந்திக ஏழு நாள் இருப்பாக. ஏழு நாளும் நிப்பாக. என் குலசாமி மேல சத்தியம். போ போ, மத்தியானம் பந்தியில வந்து சாப்பிடு. இன்னைக்கு என் ஆளுக ஒருத்தர் விடாம சாப்பிடணும்."

ஏழு நாளு. சீனியம்மாளுக்கு ஏழு நாழி தாங்குமான்னே தெரியல. அன்னக்காமு கிணத்தடிக்கு வந்தா. முறை முடிஞ்ச கல்லுக எல்லாம் வெயில்ல கேப்பாரில்லாமக் கெடக்கு. அவளுக்கு அதுக மேலயும் பாவமாப் போச்சு. "விடியக்காலத்துல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படாம நின்னுருக்கீகளே, வாங்க, ஐயா சாப்பிடச் சொன்னாக"ன்னு சொல்லி, ஓலைப்பெட்டியில அள்ளுனா. ஒரு நடை போனா, ரெண்டு நடை போனா, மூணு நடை போனா. பந்தல்ல பாய் விரிச்சு, மொதப் பந்திக்கு நாப்பது எலை போட்டிருந்தாக. எலைக்கு ஒரு கல்லா உக்கார வச்சுட்டா. சனமெல்லாம் வாசல்ல சம்பந்திகளைப் பாத்துக்கிட்டு நின்னதால ஒருத்தரும் கவனிக்கல.

பரிமாறுற ஆளு குனிஞ்ச தலை நிமிராம நாலு எலைக்கு உப்பு வச்சுட்டான். அஞ்சாவது எலையில நிமிந்து பாத்து, "ஐயோ, யாருடா இது?"ன்னு கத்திட்டான்.

சம்பந்திக வந்து பாத்தாக. உக்கார எடம் இல்ல. மாப்பிள்ளையோட தாத்தா, வெள்ளை மீசை, தடிக்கம்பு, "யாரு இந்தக் கல்லை வச்சது?"ன்னு கேட்டாரு.

"நாந்தான் தாத்தா. ஐயாவோட ஆளுக. காலையில ஒங்களுக்குத் தண்ணி பிடிக்க நின்னவுக இவுகதான்."

மங்களநாதனுக்கு மொகம் செவந்து போச்சு. "கூரிச்சாமி, தூக்கி எறிடா!"

கூரிச்சாமி குனிஞ்சான். உடனே ஊருச்சனம், "வச்ச கல்லை எடுக்கக் கூடாது! பந்தியில உக்காந்த ஆளைக் கெளப்பக் கூடாது!"ன்னு சத்தம் போட்டுச்சு. குனிஞ்சவன் அப்பிடியே நிமிந்துட்டான்.

தாத்தா தடிய ஊண்டிக்கிட்டு, "மங்களநாதா, ஒண்ணு சொல்லு. இது ஆளா, கல்லா? ஆளுன்னா அதுக சாப்பிடட்டும், நாங்க மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊரு போயிச் சேருறோம். கல்லுன்னா எடுத்துப் போட்டுட்டுச் சோத்தைப் போடு"ன்னாரு.

பாத்தியா? ஆளுன்னா பொண்ணு கல்யாணம் போச்சு, கல்லுன்னா குலசாமி மேல வச்ச சத்தியம் போச்சு. மங்களநாதன் சம்பந்திகளைப் பாத்தாரு, கல்லைப் பாத்தாரு, கடைசியில மெல்லமா, "கல்லு"ன்னாரு.

"காது கேக்கல."

"கல்லுதான்."

"ஊருக்குக் கேக்கட்டும்."

"கல்லுதான்யா! வெறும் கல்லு!"

தாத்தா அன்னக்காமு பக்கம் திரும்பி, "நீ எதுக்கும்மா இவ்வளவு மெனக்கெட்ட?"ன்னு கேட்டாரு. அவ சொன்னா. அத்தைக்குக் காச்சல்ங்கிறதச் சொன்னா, உப்புத்தண்ணி தங்கலங்கிறதச் சொன்னா, மூணு நாளாச் சேறு கெடச்சதைச் சொன்னா. தாத்தா அன்னைக்குக் காலையில மூணு குடம் ஊத்திக் குளிச்சவரு. அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

"மங்களநாதா, கல்லுக்குத் தாகம் எடுக்காது. அதனால கல்லு எடுத்த தண்ணி ஒன் தண்ணி இல்ல. பானையில இருக்கிறதை நீயே தூக்கிக்கிட்டுப் போயி வீட்டுக்கு வீடு குடுத்துட்டு வா. லைன்ல கடைசியில நின்ன வீட்டுக்கு மொதல்ல போ. அதுவரைக்கும் எங்க எலையில சோறு விழாது."

வேற என்ன செய்வாரு? பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டி, தோள்ல ஒரு குடத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, வேகாத வெயில்ல மங்களநாதன் நடந்தாரு. முன்னால அன்னக்காமு ஓடுறா, பின்னால அவரு தள்ளாடித் தள்ளாடிப் போறாரு, அவருக்குப் பின்னால ஊரே போகுது.

சீனியம்மா பாயில கண்ணு செருகிக் கெடக்கு. அன்னக்காமு ஒரு செம்பு மோந்து, தலையத் தூக்கி மடியில வச்சு, "அத்தை, நல்லதண்ணி அத்தை, குடிங்க"ன்னு வாயிகிட்ட கொண்டு போனா. சீனியம்மா மெல்லக் கண்ணத் தொறந்துச்சு. வாசல்ல ஒரு ஆளு மூச்சு வாங்கிக்கிட்டு, வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. சீனியம்மாளுக்கு ஊருல நடந்தது ஒண்ணும் தெரியாது. செம்பைக் கையால தள்ளி விட்டுட்டு, காத்தாட்டம் ஒரு கொரல்ல சொல்லுச்சு:

"கூறுகெட்டவளே, வீடு தேடி வந்தவுக வெயில்ல நிக்கிறாக. மொதல்ல அவுகளுக்குக் குடுடி."

அன்னக்காமு செம்பை நீட்டுனா. மங்களநாதன் வாங்குனாரு. வாயிகிட்ட கொண்டு போனாரு. ஒரு சொட்டு உள்ள எறங்கல அவருக்கு. செம்பைத் தரையில வச்சுட்டு, அவ்வளவு பெரிய மனுசன், சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதாரு. அப்பறம் அவரே போயி, அந்தச் செம்பை எடுத்து, சீனியம்மா வாயில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனாரு. ஒரு மடக்கு உள்ள போச்சு, ரெண்டு மடக்கு போச்சு, மூணாவது மடக்குக்கு, "போதும்யா, எம்மருமக இன்னும் குடிக்கல"ன்னுச்சு.

அப்பறம் என்ன, காச்சல் எறங்குச்சு, கல்யாணமும் நடந்துச்சு. மங்களநாதன் மிச்ச வீடு அத்தனைக்கும் தண்ணி தூக்கி முடிக்கப் பொழுது சாஞ்சு போச்சு. மறுநாளு லைன்ல அவரு வீட்டுக்கு ஒரே ஒரு கல்லுதான் இருந்துச்சு, அதுவும் கடைசியில.

அதனால கண்ணுகளா, முன்னால எடம் பிடிக்கிறது பெருசில்ல, பின்னால யாரு நிக்கிறான்னு திரும்பிப் பாக்கணும். கதையும் முடிஞ்சுது, தொண்டையும் காஞ்சுது, ஆருடா அங்க, ஒரு செம்புத் தண்ணி கொண்டா!