திரும்பி வராத அலை

கடலுக்குப் போனவர்களோடு கரையிலிருந்து பேசுவது டெல்பினாவின் வேலை. மீனவர் சங்கத்தின் ரேடியோ அறை கடற்கரையில் இருந்தது. அலையை வானில் வீசும் ஏரியலைக் கட்டிய கோபுரமோ பின்னாலிருந்த குன்றின் மேல். இரண்டையும் இணைத்த நீளமான கறுப்புக் கேபிள், உப்புத்தண்ணீர் தேங்கும் ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு மேலேறியது.

அன்று பிற்பகல் புயல் திசை மாறியது. ஊர்ப் படகுகள் அத்தனையும் அதன் வழியில் கிடந்தன. ஒன்றில் அவள் தம்பி லிகோரி இருந்தான். உடனே திருப்பினால் பக்கத்துத் தீவில் ஒதுங்கிவிடலாம். அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது.

"கரை, இருக்கீங்களா? கரை, பேசுங்க!" என்று லிகோரியின் குரல் மெலிதாக வந்துகொண்டே இருந்தது. அவன் பேசுவது இவளுக்குக் கேட்டது. இவள் பேசுவது அவனுக்குக் கேட்கவில்லை.

ரேடியோ மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பிரிட்டோ மீட்டரைக் காட்டினார். ஏரியல் ஏற்காத சக்தி அலையாகத் திரும்பினால் அதன் முள் ஏறும். அது படுத்தே கிடந்தது.

"நூறு வாட்டும் போகுது, ஒண்ணும் திரும்பல. நம்ம பக்கம் எல்லாம் சரி. வானந்தான் சரியில்ல."

"இல்லண்ணே, காத்துல ஏரியல் வளைஞ்சு கெடக்கு. அதுலதான் கோளாறு" என்றான் கோபுரத்தைக் கவனிக்கும் அமலதாஸ்.

டெல்பினாவுக்கு ஒன்று உறுத்தியது. ஏரியல் வளைந்திருந்தால் முள் கொஞ்சமாவது ஏற வேண்டாமா?

"அமலா, மேல போய் கேபிளை ஏரியல்ல இருந்து கழட்டிட்டுத் துண்டை வீசிக் காட்டு."

குன்றின் மேல் துண்டு அசைந்தது. அவள் அலை அனுப்பும் சுவிட்சை ஒரு கணம் அழுத்தினாள். இப்போது ஏரியலே இல்லை. போன அலை முழுக்கத் திரும்பியாக வேண்டும். அப்போதும் முள் அசையவில்லை.

"மெஷினைத் தூக்குங்க! மேல கொண்டு போவோம்!"

பிரிட்டோ மெஷினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்து பேட்டரியைத் தூக்கினார்கள். காற்று முகத்தில் மணலை வாரி அடிக்க, எல்லாரும் குன்றேறினார்கள். ஒரு முழ நீளமே உள்ள வேறு கேபிளில் ஏரியலை மாட்டி சுவிட்சை அழுத்தியதும் முள் துள்ளி எழுந்தது.

"நிறுத்து பிள்ளே! கால்வாசி திரும்பி வருது. மெஷின் கருகிப்போகும்!"

"பாதியாக் குறைச்சுத் தாங்கண்ணே. நிறுத்த மட்டும் சொல்லாதீங்க."

பிரிட்டோ குறைத்தார். டெல்பினா பேசினாள். ஒரு நொடி இரைச்சல். பிறகு குரல் வெடித்து வந்தது.

"கேக்குதுக்கா! நல்லாவே கேக்குது! திருப்பிட்டோம்!"

அடுத்தடுத்து ஒவ்வொரு படகும் தன் பெயரைச் சொன்னது. பெயர் வரவர, கேட்ட பெண்கள் கூவினார்கள். பிரிட்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். அமலதாஸ் கோபுரத்தைக் கட்டிக்கொண்டு குதித்தான்.

கதை கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். கீழே நூறு வாட் அனுப்பினார்கள், முள் அசையவில்லை, ஆனால் யாருக்கும் கேட்கவில்லை. மேலே ஐம்பதுதான், அதிலும் கால்வாசி திரும்பியது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. வானத்தைக் குறை சொன்ன பிரிட்டோவா, ஏரியலைச் சொன்ன அமலதாஸா, கேபிளை விட்டுவிட்டு மேலேறிய டெல்பினாவா, யார் கணித்தது சரி?

விடை: டெல்பினா கணித்ததே சரி. பள்ளத்தில் உப்புத்தண்ணீர் புகுந்த கேபிள், போகிற சக்தியில் பெரும்பங்கை வழியிலேயே சூடாக மாற்றித் தின்றுவிட்டது. ஏரியலைத் தொட்டது இரண்டொரு வாட்தான். அதில் திரும்பிய சிறுபங்கையும் வரும் வழியில் தின்றது. ஆகவே முள்ளுக்குக் காட்ட எதுவும் மிஞ்சவில்லை. ஏரியலைக் கழற்றியபோது முழுக்கத் திரும்பியிருக்க வேண்டிய அலையும் அப்படியே காணாமல் போனதில்தான் டெல்பினா கேபிளைச் சந்தேகித்தாள். லிகோரியின் குரலையும் அது மெலியவைத்தது. அதை ரேடியோ பெரிதாக்கிக் கொடுத்ததால் காதில் விழுந்தது. அமலதாஸ் சொன்னதிலும் உண்மை உண்டு: ஏரியல் வளைந்திருந்ததால்தான் மேலே கால்வாசி திரும்பியது. மிச்சம் முக்கால்வாசி கடலுக்குப் போனது, அது போதுமானதாக இருந்தது. கருகிவிடும் என்று பிரிட்டோ பயந்ததும் நியாயம். அவர் பாதியாகக் குறைத்ததால்தான் மெஷின் கடைசிவரை தாங்கியது. எல்லாப் படகும் தீவில் நங்கூரம் போட்டாயிற்று என்று லிகோரி சொன்னபோது, குன்றின் மேல் இன்னும் வெயில் இருந்தது.