மரங்கொத்தி மரத்துக்குள் குடிபோன கதை

அந்தக் காலத்தில், பறவைகளும் விலங்குகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மரங்கொத்திகளும் காகங்களைப் போலக் கிளையில் குச்சி அடுக்கித்தான் கூடு கட்டின. அப்போதும் அவை மரத்தில் மத்தளம் கொட்டின. ஆனால் வீட்டில் அல்ல. குஞ்சுகளின் தூக்கம் கெட்டுவிடும் என்று, ஆண்பறவைகள் ஓடைக்கு அப்பால் பட்டமரங்களைத் தேடிப் போய்க் கொட்டிவிட்டு வரும்.

மலையடிவாரக் காட்டில் மின்னாள் என்றொரு மரங்கொத்தி இருந்தாள். அவள் கணவன் செஞ்சூடன் கொட்டினால் எதிர்மலையில் மேயும் மான்கூட நின்று கேட்கும். ஆனால் அவர்கள் பிள்ளைகளில் ஒன்றுக்கும் கொட்டு வரவில்லை. இறக்கை முளைத்ததும் செஞ்சூடன் அவர்களைப் பட்டமரத்துக்கு இழுத்துப் போவான்.

"ம், அடி!"

"அலகு வலிக்குதுப்பா" என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுவார்கள்.

ஒரு மார்கழியில் மூடுபனி காட்டையே விழுங்கியது. மூத்த மகன் வழிதவறிப் போனான். செஞ்சூடன் விடாமல் கொட்டினான். சத்தம் மகனுக்குக் கேட்டது. மலையில் மோதி நாலாபக்கமும் எதிரொலித்ததால் திசைதான் புரியவில்லை. பதிலுக்குக் கொட்டவும் அவனுக்குத் தெரியாது. கத்திப் பார்த்தான், குரல் பனியைத் தாண்டவில்லை. மூன்றாம் நாள் பனி விலகியபிறகுதான், ஒரு பாறையிடுக்கில் பசியால் சுருண்டு கிடந்தவனைக் கண்டெடுத்தார்கள்.

மகனுக்கு எறும்பு ஊட்டும்போதெல்லாம் மின்னாளுக்கு அந்த மூன்று நாளும் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. அடுத்து முட்டையிடும் பருவம் வந்தது. அவள் குச்சி பொறுக்கவில்லை. செஞ்சூடன் கொட்டுகிற அதே பட்டமரத்தைக் குடைய ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"வீடு கட்டுறேன்."

"இங்கயா? பிள்ளை பொறக்கப்போற இடத்துல யாராவது மத்தளம் கொட்டுவாங்களா?"

"நீங்க கொட்டி உங்க பிள்ளைங்க ஒருநாளாவது உட்கார்ந்து கேட்டிருக்காங்களா? பொறந்ததுலேர்ந்து கேட்டுப் பழகாதது அலகுல எப்படிங்க வரும்?"

பக்கத்து மரத்து மைனா எட்டிப் பார்த்து, "வேண்டாம்க்கா, முட்டை விரிசல் விட்டுடும்" என்றது. மின்னாளுக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனாலும் பொந்துக்குள் போய் மூன்று முட்டைகளையிட்டு, மேலே படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை செஞ்சூடன் வெளியே பூப்போலத் தட்டினான்.

"அதென்ன, காய்ச்சல்காரன் தட்டுற மாதிரி? நல்லா கொட்டுங்க!"

அவன் கொட்டினான். மரம் முழுவதும் அதிர்ந்தது. மின்னாளின் வயிற்றடியில் முட்டைகள் மெல்ல நடுங்கின, ஒன்றும் உடையவில்லை. அவளும் உள்ளிருந்தபடியே கூடச் சேர்ந்து தட்டினாள். தினமும் காலையில் இரண்டு பேருக்கும் இதே கச்சேரிதான்.

பதினோராம் நாள் செஞ்சூடன் மூச்சுவாங்கக் கொஞ்சம் நிறுத்தினான். முட்டைக்குள்ளிருந்து டொக், டொக், டொக். அவன் மூன்று தட்டினான். மறுபடியும் உள்ளேயிருந்து மூன்று.

"ஏய் மின்னா! பதில் சொல்றாங்கடி!" என்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தினான்.

குஞ்சுகள் வெளியே வந்ததும் வீடு அமர்க்களப்பட்டது. கண் திறக்குமுன்பே சுவரைத் தட்டின. இறக்கை முளைத்ததும், "இப்ப என் முறை!" "நீ நேத்தே ரெண்டு தடவை அடிச்சே!" என்று வாசலில் சண்டை. அடி என்று யாரும் சொல்லவில்லை. ஒருநாள் மூத்தவனும் வந்து கூச்சத்தோடு ஓர் ஓரமாகத் தட்டினான். தங்கைகள் அவனுக்கு இடம் விட்டார்கள்.

அந்த மார்கழியிலும் பனி இறங்கியது. கடைக்குட்டி தும்பையைக் காணோம். மின்னாளுக்கு உயிரே போயிற்று. செஞ்சூடன் கொட்டிவிட்டுக் காதைத் தீட்டினான். பள்ளத்தாக்குக்கு அப்பால், காய்ந்த மூங்கிலில் சன்னமாக ஒரு கொட்டு கேட்டது.

"தும்பைதான்! மூணாவது தட்டுல எப்பவும் அவசரப்படுவா!"

அவன் கொட்ட, அவள் பதில் கொட்ட, சத்தம் வலுக்கிற பக்கமாக ஒவ்வொரு மரமாக நெருங்கிப் போய் மகளைச் சேர்ந்தான். உச்சிவேளைக்குள் இருவரும் வழிநெடுக மரங்களைத் தட்டிக்கொண்டே வீடு திரும்பினார்கள். மின்னாள் அழுதாள், சிரித்தாள், பிறகு தானும் கொட்டினாள். அடுத்த முட்டைக்காலத்தில் காட்டிலிருந்த மரங்கொத்திகள் எல்லாம் பழைய கூட்டை விட்டுவிட்டு மரம் தேடிக் கிளம்பின.

அன்று முதல்தான் மரங்கொத்தி குச்சி பொறுக்குவதில்லை. மரத்தைக் குடைந்து, அந்த மத்தளத்துக்குள்ளேயே பிள்ளை பெற்று வளர்க்கிறது.