கோல்கீப்பரின் கொட்டாவி

கீழத்துறைக்காரர்கள் மீன் இல்லாமல்கூட ஒரு நாளை ஓட்டிவிடுவார்கள், பந்து இல்லாமல் ஓட்டமாட்டார்கள். அந்த ஊர் அணிக்கு உடம்பு பிடித்துவிடுகிறவர் மிக்கேல் ஆசான். அவருடைய ஒரே சீடன் சிலுவைதாசன். இருவருக்கும் ஒரே வயது, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருந்தாலும் தொழில் படிக்க வந்த நாள் முதல் சிலுவைக்கு அவர் ஆசான்தான்.

அன்று மேலத்துறையோடு இறுதி ஆட்டம்.

"பனிதாசனை இன்னைக்கு நீ பாத்துக்க," என்று கோல்கீப்பரை அவனிடம் ஒப்படைத்தார் ஆசான்.

முதன்முதலாகத் தனியாக ஓர் உடம்பு! சிலுவைக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆட்டத்துக்குச் சற்று முன் பனிதாசனைப் பாயில் படுக்கவைத்தான். எண்ணெயைச் சூடாக்கி, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை நிதானமாக நீவினான். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தினான். பனிதாசன் குறட்டையே விட்டுவிட்டான். சிலுவைக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மேலத்துறைக்காரன் ஒருவன் கால் தவறி அடித்த பந்து, சொந்த வீட்டுக்குப் போகிற ஆட்டுக்குட்டி மாதிரி மெல்ல உருண்டு வந்தது. பனிதாசன் அப்போதுதான் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பந்து அவன் காலிடுக்கில் நுழைந்து வலைக்குள் போய்விட்டது.

"எவம்ல அவனுக்குத் தடவிவிட்டது?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

இன்று தோற்றால் இந்த ஊரில் இனி ஒருவனும் சிலுவையிடம் முதுகைக் காட்டமாட்டான்.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் ஆசானிடம் ஓடினான்.

"நீங்க சொல்லித்தந்ததுல ஒரு பிடி விடல ஆசானே. எதுல தப்பு?"

"தப்பா? நல்லாத்தான் செஞ்சிருக்க. அவன் மொகத்தப் பாரு, தொட்டில்ல கெடக்கிற பிள்ள மாதிரி இருக்கு."

சிலுவைக்கு அழுகை வந்தது. ஆசான் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு வேலை இருந்தது.

முன்னால் ஆடும் ஜெரால்டு கெண்டைக்கால் சதை பிடித்துக்கொண்டு துடித்தான். ஆசான் அவன் பாதத்தை மெல்ல மேல்நோக்கி வளைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கட்டிப்போயிருந்த சதை தானாக இளகியது.

பக்கத்தில் இன்னொருவன் கணுக்கால் வீங்கி உட்கார்ந்திருந்தான். சிலுவை அவசரமாக எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினான். ஆசான் அந்தக் கையில் ஒன்று போட்டார்.

"தொடாத. இப்பந்தான் பெரண்டிருக்கு. ஐஸ் வை, காலைத் தூக்கி வை."

பிறகு பனிதாசனை எழுப்பி நிறுத்தினார். எண்ணெயே இல்லை. இரண்டு கையாலும் அவன் தொடையைப் பரபரவென்று தேய்த்தார். தோளிலும் புயத்திலும் படபடவென்று தட்டினார். பனிதாசன் கண் விழித்துவிட்டான். நின்ற இடத்திலேயே குதிக்க ஆரம்பித்தான்.

அதன்பிறகு நடந்ததைக் கீழத்துறையில் யாரைக் கேட்டாலும் எழுந்து நின்றுதான் சொல்வார்கள். அதே காலோடு ஓடிய ஜெரால்டு ஒரு கோல் போட்டான். ஆட்டம் சமனாகி, பெனால்டிக்கு வந்து, மேலத்துறையின் கடைசி அடி பாக்கி. அது போகாவிட்டால் கோப்பை கீழத்துறைக்கு. சிலுவை கண்ணை மூடிக்கொண்டான். பந்து மூலைக்குப் பறந்தது. பனிதாசன் அதைவிட முன்னால் பறந்திருந்தான்!

கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது. வெடி வெடித்தது. பங்குச் சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆடினார். சந்தோஷத்தில் சிலுவைக்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஆசானிடம் வந்தான்.

"ஆசானே! பரபரன்னு தேச்சு, படபடன்னு தட்டுனீங்களே, அதுதான் வித்தை! பழசெல்லாம் இன்னையோட விட்டுட்டேன். இனிமே எவன் வந்தாலும் இந்தத் தட்டுதான்!"

கத்திக் கத்தி ஆசானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பாயை விரித்தார், சட்டையைக் கழற்றினார், குப்புறப் படுத்துக்கொண்டார்.

சிலுவை தட்டுவதற்காக இரண்டு கையையும் ஓங்கினான்.

"மத்தியானம் பனிதாசனுக்குச் செஞ்சியே, அதச் செய்," என்றார் ஆசான். "ஒரு பிடி விடாத. நான் தூங்கணும்."